தகரத்தைப் பார்த்துச் சாப்பிட்ட கதையில் நான் சொல்லாத பாதி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நாற்பது வயசுக்கு மேலே கற்றுக்கொண்டது. அதுவரைக்கும் காண்ட்ராக்டர் நோட்டில் கைநாட்டுதான். இப்போது பேப்பர் படிப்பேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன், என் மருமகள் எழுதின புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டுமே. அவசரமாக நான் எந்த ஷிப்டுக்குப் போகவேண்டும்?

இதையும் நானேதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை மட்டும் மருமகள் திருத்தினாள். ஒரு வார்த்தையையும் மாற்றக்கூடாது என்று சொல்லித்தான் நோட்டைக் கொடுத்தேன்.

மருமகள் காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். கடலூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என் மகன் கம்பெனியில் பெர்மனென்ட். அவனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் மூன்று பேரும் இருக்கிறோம். கல்யாணமாகி வந்தபோது அவள் வேறு சாமான் எதுவும் பெரிதாகக் கொண்டுவரவில்லை. நாலு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, மருமவ பழைய பேப்பர் யாவாரமா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க. எடை போட தராசு இல்ல, உங்க வூட்டுல இருந்தா குடுங்க" என்றேன்.

அந்தப் பெட்டிகளில் பாதிக்குமேல் பொம்பளைகளைப் பற்றினது. மிச்சம் சாதியைப் பற்றினது. அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் பட்ட பாட்டைப் பற்றிக்கூட இருந்தது. லீவு நாளில் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பாள். ஒரு நாள் ஒரு கறுப்புப் பொம்பளை கதை. நாள் பூராவும் வெள்ளைக்காரி வீட்டு அடுப்பில் நின்று ஆக்கினவளுக்கு, அந்த வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட இடமில்லை.

"இது எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"அமெரிக்கா, அத்தை."

"நம்ம கம்மாபுரம் பக்கம்னு நெனைச்சிக்கினு கேட்டேன்."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். "உங்களுக்கு அப்படி நடந்திருக்கா?" என்றாள். போனை எடுத்துப் பதிவு போட்டுக் கீரைமேல் வைத்தாள். நான் சொன்னேன். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

நான் சொன்னது இது. நிலக்கரி மைன்ஸில் பெல்ட்டு ஓடும். கரியும் மண்ணும் அதில் போகும். போகிறபோது ஓரத்தில் சிந்தும். சிந்தினதை வாரி ஒதுக்க காண்ட்ராக்டில் பொம்பளை ஆள் எடுத்தார்கள். மண்வெட்டியால் வாரி இரும்புப் பாண்டில் போட்டு, தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டவேண்டும். நிறைந்த பாண்டை ஒருத்தியே தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரில் ஒருத்தி நின்று தூக்கிவிடணும். அதனால் ஜோடி சேர்த்துத்தான் விடுவார்கள். எனக்கு வாய்த்த ஜோடி, எங்கள் ஊர்க்காரி. ஊர் என்றால் ஊர்த்தெரு. நான் காலனி. என் மாமனாரும் மாமியாரும் அவள் மாமனார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்த நிலம் மைன்ஸுக்குப் போனது. நிலத்துக்காரிக்கும் வேலை இல்லை, நிலத்தில் வேலை செய்தவளுக்கும் வேலை இல்லை. ரெண்டு பேரும் ஒரே கேட்டில் போய் நின்றோம். ஊரில் அவளை 'ஆண்ட', அதாவது எசமானி, என்றுதான் நான் கூப்பிடவேண்டும். மைன்ஸ் கேட்டைத் தாண்டினதும் 'அக்கா' என்று கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

முதல் நாள் மத்தியானம் வரைக்கும் அவள் எனக்குத் தூக்கிவிட்டாள், நான் அவளுக்குத் தூக்கிவிட்டேன். ஒரே பாண்டின் இந்தக் காது அவள் கையில், அந்தக் காது என் கையில். சாப்பாட்டுக்குத் தகர ஷெட்டுக்குள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். டிபன் பாக்ஸைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் குழம்பு மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். நான் பலாக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோயிருந்தேன். முதலில் என் ஜோடிக்குத்தானே கொடுக்கணும்? கரண்டியை நீட்டினேன். அவள் டிபன் பாக்ஸை மூடியால் மூடினாள். சத்தமில்லாமல் மூடினாள். மூடிவிட்டு வேறு பக்கம் பேசினாள்.

கரண்டியைத் திருப்பி என் பாக்ஸில் விட்டேன். அப்படியே திரும்பி, தகரத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வேலை இருந்த வரைக்கும், பதினொரு வருசம், தகரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

இவ்வளவுதான் நான் மருமகளிடம் சொன்னது. சொல்லும்போது எனக்கு முதுகு நிமிர்ந்தது, மறைப்பானேன்.

அவள் அதை ஒரு அத்தியாயமாக எழுதினாள். பெயர் எதுவும் போடவில்லை, 'என் அத்தை' என்று மட்டும். கூட்டம் போட்டுப் புத்தகத்தை வெளியிட்டார்கள். என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். ஒரு டீச்சரம்மா மைக்கில் அந்த அத்தியாயத்தைப் படித்தார்கள். கூட்டத்தில் ரெண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் துடைக்கவில்லை. என் மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சனத்தில் ஒருத்தி கதை அச்சில் ஏறி, அதை எழுதினவளும் எங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கிறாள் என்றால், அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு மாசம் கழித்து ஃபேஸ்புக்கில் சண்டை கிளம்பியது. கிளப்பினது அந்த ஜோடிக்காரியின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெயர் இல்லாவிட்டாலும் தகர ஷெட்டும் பாண்டும் போதுமே, எங்கள் கேங்கில் இருந்த யாருக்கும் அது யாரென்று தெரியும். அவன் நீளமாக எழுதியிருந்தான். 'எங்கம்மாவும் காண்ட்ராக்ட் கூலிதான். நிலத்தை இழந்து மண் சுமந்தவர். எங்கம்மா அப்படிச் செய்யவே இல்லை. எங்கள் வீட்டில் சாதி கிடையாது. உழைக்கிற பெண்களுக்குள் பிரிவினை உண்டாக்குவதுதான் உங்கள் பெண்ணியமா? இது பெயர் வாங்கச் செய்யும் அடையாள அரசியல்.'

அதற்குக் கீழே ஊரே அடித்துக்கொண்டது. பொம்பளைகள் எல்லோரும் ஒரு சாதி என்று ஒரு கூட்டம். பொம்பளைக்குள்ளேயும் மேல் கீழ் இருக்கிறது, அதைப் பேசாத பெண்ணியம் எதற்கு என்று ஒரு கூட்டம். அதுவரைக்கும் சரி. எங்கள் பக்கம் பேசவந்த யாரோ அவன் ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து அவன் அம்மா போட்டோவை எடுத்து, 'சாதிவெறி பிடித்த கிழவி இதுதான்' என்று போட்டுவிட்டார்கள். அந்த முகத்தின்மேல் வட்டம் வேறு போட்டு.

பதிப்பகத்தார் போன் செய்து, அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார்களாம். மருமகள் ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"என்ன எழுதி இருக்காங்கன்னு எல்லாத்தையும் படி" என்றேன்.

"வேணாம் அத்தை. அசிங்க அசிங்கமா இருக்கு."

"கரி மண்ணுல நின்னவ நான். அழுக்குக்குப் பயந்தா முடியுமா? படி."

படித்தாள். பிறகு அந்தப் போட்டோவைக் காட்டினாள். நான் அந்த ஜோடிக்காரியைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். பட்டுப்புடவை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகன் கல்யாணத்தில் எடுத்தது. அந்தச் சிரிப்பின்மேல் சிவப்பு வட்டம்.

"அவ அத்தோட நிக்கலம்மா" என்றேன். "அப்புறமும் கத இருக்கு."

முதல் மூன்று வருசம் நான் தகரத்தைப் பார்த்துச் சாப்பிட்டேன், அவள் அந்தப் பக்கம் சாப்பிட்டாள். பாண்டு மட்டும் தினம் தூக்கிவிட்டுக்கொண்டோம். நாலாவது வருசம் அவளே, "இந்தப் பக்கம் திரும்பி ஒக்காரேன்டி" என்றாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் அந்த மூடினது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று எனக்கு. இன்னும் ரெண்டு வருசம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முதுகைத்தான் காட்டினேன். ஆறாவது வருசம் ஒரு நாள் எழுந்து வந்து, என் பக்கத்தில், அவளும் தகரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றி மல்லாத்தி என் முன்னால் வைத்து, "போடு" என்றாள். நான் போடவில்லை. மறுநாளும் வந்து வைத்தாள். அன்றைக்கும் போடவில்லை. மூன்றாம் நாள் போட்டேன். அதற்கப்புறம் வேலை போகிற வரைக்கும் அஞ்சு வருசம், தகரத்தைப் பார்த்து உட்கார்ந்தது ரெண்டு பேர். மற்றவர்கள் எங்களை 'சினிமா பாக்குறாளுங்க' என்று கேலி செய்வார்கள்.

மருமகள் போனைக் கீழே வைத்தாள். "இதை ஏன் அத்தை அன்னைக்கே சொல்லல?"

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஜோடிக்காரி தன் மகன் கல்யாணத்துக்கு எங்கள் கேங்கில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. அந்தக் கோபத்தில், அவள் வந்து உட்கார்ந்த பாதியை நான் உள்ளேயே வைத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை. பாதியைக் கொடுத்தேன்.

"எழுதணும்" என்றேன்.

"இப்ப இதை எழுதினா என்ன ஆவும் தெரியுமா? 'பாருங்க, உழைக்கிறவங்க ஒத்துமையாத்தான் இருந்தாங்க, நடுவுல இவதான் சாதியைக் கெளப்பி விட்டா'ம்பாங்க. அந்த மூடி ஒன்னுமில்லாம போயிடும் அத்தை. எவ்வளவு நாளா இந்தப் பேச்சைக் கேட்டுக்கினு இருக்கோம்."

"மூடியையும் எழுதறேன், அவ வந்து ஒக்காந்ததையும் எழுதறேன், பத்திரிகை வெக்காததையும் எழுதறேன்."

"படிக்கிறவங்க அவங்களுக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்குவாங்க."

"அவங்க பாதி எடுத்தா அவங்க தப்பு. நான் பாதி குடுத்தா என் தப்பு. என் தப்ப நான் பாக்கறேன்."

அவளுக்குக் கோபம். எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபத்திலும் நியாயம் இருந்தது, அதை நான் இன்றைக்கும் இல்லையென்று சொல்லமாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அஞ்சு நாள் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. அந்த நாலு பக்கம்தான் இப்போது இரண்டாம் பதிப்பில், அந்த அத்தியாயத்துக்குப் பின்னால் இருக்கிறது. அத்தியாயம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. மருமகள் பதிப்பகத்தாரிடம், எடுக்கணும் என்றால் புத்தகத்தையே வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னாள். ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்த நாலு பக்கத்தை நான் வேறு ஒருத்தியிடம் கொண்டுபோனேன். யாரைப் பற்றி எழுதினேனோ அவள் முதலில் கேட்கவேண்டும் இல்லையா?

கம்மாபுரம் பஸ்ஸில் நானும் மருமகளும் போனோம். நிலம் போனவர்களுக்கு மனை கொடுத்த இடத்தில் அவள் வீடு. வாசலில் கார் நின்றது. மகன் லீவில் வந்திருந்தான். என் மருமகளைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "வாங்க" என்று சொன்னான், உள்ளே வரச் சொன்னதுபோல இல்லை.

உள்ளேயிருந்து, "யாருடா அது?" என்று குரல்.

"நான்தாங்க்கா. மைன்ஸு."

"கொரல் தெரியுது. இத்தினி வருசம் கழிச்சி வழி தெரிஞ்சிதா ஒனக்கு?"

"வழி எப்பவும் தெரியும். பத்திரிகைதான் வரல."

உள்ளே போனோம். அவள் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கியிருந்தது. போனில் தன் முகம் சுற்றிவந்ததை அவள் பார்க்கவில்லை. ஆனால் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து வெளியே யார் கண்ணிலும் படாமல் இருக்கிறாள் என்று அவளுடைய மருமகள் சொன்னாள்.

"ஒன்னப் பத்தி எழுதி எடுத்தாந்திருக்கேன். கேக்கறியா?" என்றேன்.

"முன்ன எழுதுனதுக்கே வெளிய தலகாட்ட முடியல. இன்னுமா?"

"கேட்டுட்டு வேணாம்னா கிழிச்சிப்புடறேன்."

மகன் கையை நீட்டினான். "குடுங்க, நான் படிக்கிறேன்."

"இல்ல தம்பி. என் எழுத்து. நானே படிக்கிறேன்."

"நேரமாவும்ங்க."

"அவ படிக்கட்டும்டா" என்றாள். "கைநாட்டு வெச்சிக்கினு இருந்தவ. படிக்கிறாளாம். கேளு."

படித்தேன். என் வேகத்தில்தான் படித்தேன். பாண்டு தூக்கினதைப் படிக்கும்போது அவள் தலையை ஆட்டினாள். கரண்டி நீட்டினதைப் படித்தேன், மூடியைப் படித்தேன். அவள் கை மடியில் இருந்தது, அசையவில்லை. பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப் படித்தேன். மழை நாள் என்று எழுதியிருந்தேன்.

"மழ இல்லடி அன்னிக்கு. பெல்ட்டு நின்னு போன நாளு. சத்தமில்லாம இருந்திச்சி. அதான் ஒன்ட்ட பேசலாம்னு வந்தேன்."

மருமகள் பேனாவைக் கொடுத்தாள். அங்கேயே அடித்து எழுதினேன்.

முடித்ததும் மகன், "இதைப் போட்டா சரிங்க. எங்கம்மா உங்ககூடத்தான் சாப்பிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டும். அந்த மூடி வெசயத்தை மட்டும் எடுத்துடுங்க" என்றான்.

என் மருமகள் என்னைப் பார்த்தாள். 'சொன்னேன் இல்லையா' என்கிற பார்வை. நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்தவள் பேசினாள்.

"அந்த எடத்த திருப்பிப் படி."

"எந்த எடம்?"

"மூடுன எடம்."

படித்தேன். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவை படித்தேன். அவள் மகன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஆமாண்டா. மூடுனேன்."

"அம்மா, நீ அப்பிடி செய்யவே இல்லன்னு நான் எழுதி இருக்கேன்ம்மா."

"என்னக் கேட்டா எழுதுன?"

அவன் குனிந்து கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"எங்க வூட்டுல சாதி இல்லன்னு எழுதுனியாமே. ஒன் கல்யாணத்துக்கு இவளுக்குப் பத்திரிக வெக்கல. ஏன்னு நீ கேட்டியா? அஞ்சு வருசம் இவ கொழம்பத் தின்னவ நான். பந்தியில இவள எங்க ஒக்கார வெக்கறது, ஒங்க பெரியப்பன் என்னா சொல்லுவான்னு நெனைச்சி நெனைச்சி வெக்காமயே உட்டுட்டேன். மைன்ஸுல இருந்த தைரியம் ஊருல இல்ல எனக்கு." என் பக்கம் திரும்பினாள். "ஒங்கிட்ட நேர்ல வந்து சொல்லி இருக்கணும். சொல்லல. அதையும் எழுதிக்க."

நான் இதை எதிர்பார்த்துப் போகவில்லை. எழுதிக்கொண்டேன். அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன்.

மகன் எழுந்து வாசலுக்குப் போனான். திரும்பி வரக் கால் மணி ஆனது. போனை என் மருமகளிடம் நீட்டினான். 'எங்கம்மா செய்ததை அம்மாவே சொல்லிவிட்டார். அம்மாவைக் கேட்காமல் நான் எழுதியது தவறு. அந்தப் போட்டோவைப் போட்டவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று இருந்தது. மருமகளும் தன் ஃபேஸ்புக் பக்கத்தில், எங்களுக்காகப் பேசுகிறோம் என்று ஒரு வயசான பெண்ணின் முகத்தில் வட்டம் போடாதீர்கள் என்று எழுதினாள். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. நான் சாதியை மன்னித்துவிட்டேன் என்று ஒரு கூட்டமும், பழசைக் கிளறுகிறேன் என்று ஒரு கூட்டமும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் மன்னித்தேன் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. படித்துப் பார்க்கலாம்.

கிளம்ப எழுந்தோம்.

"சாப்புட்டுப் போ" என்றாள்.

"எங்க ஒக்கார வெப்ப?"

கேட்டுவிட்டேன். கேட்காமல் எப்படி விடுவேன்?

"நீயே சொல்லு" என்றாள்.

"கூடத்துல. நடுவுல. ஃபேனுக்கு நேரா."

"பிடிவாதக்காரி" என்று சொல்லிவிட்டு மகனை இலை போடச் சொன்னாள். அவன்தான் போட்டான், அவன்தான் தண்ணி தெளித்தான். வாசல் கதவைச் சாத்தப் போன அவளுடைய மருமகளிடம், "தொறந்தே கெடக்கட்டும்" என்றாள். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். நானும் என் மருமகளும் ஒரு வரிசை, அவளும் மகனும் எதிர் வரிசை. நான் முதுகை நிமிர்த்தி, நிதானமாகச் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு கம்மி. அதைச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவினேன்.